குடியமர்த்திய கோமகன்

ஸ்காட்லாந்து நாட்டின் தென்மேற்குக் கோடியில், டீ என்னும் சிற்றாறு கடலொடு கலக்குமிடத்தில், கர்க்கூப்ரி என்னும் பழைய ஊர் உள்ளது. அதனை அடுத்துக் கடலுள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதிக்குச் செயிண்ட் மேரித் தீவு என்பது பெயர். பெயரளவில் தீவேயன்றி நாற்புறமும் நீர் சூழ்ந்ததன்று. அங்கே செல்கர்க் பிரபுக்களின் மாளிகை இருந்தது. 1771ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 20ஆம் நாள் நான்காம் செல்கர்க் பிரபுவின் ஏழாம் மகனாக அங்குப் பிறந்தவர் தாமஸ் டக்ளஸ். பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கே உரியன என்பது அந்நாட்டு உயர்குடியினரின் தாயமுறை. ஆதலின் ஏழாம் மகன் ஒருநாள் பிரபுவாவான் என்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

அவருடைய இளமையில் நிகழ்ந்த ஒரு செய்தி நினைவில் வைக்கத்தக்கது. 1778ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்தை எதிர்த்து விடுதலைப் போர் புரிந்துகொண்டிருந்தன. அமெரிக்கக் கப்பற்படைத் தலைவருள் ஒருவரான ஜான் பால் ஜோன்ஸ், அப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் ஏப்ரல் திங்களில் ஒருநாள் செயிண்ட் மேரித் தீவில் வந்து இறங்கினார். செல்கர்க் பிரபுவைப் பிடித்துச் சென்று, அவருக்கு ஈடாக அமெரிக்கக் கைதிகளை மீட்பது அவர் எண்ணம். பிரபுவோ அன்று ஊரில் இலர். வெறுங்கையுடன் மீள மனமில்லாத மாலுமிகள் ஆயுதங்களுடன் மாளிகை புகுந்து வெள்ளிப் பாத்திரங்களைக் கேட்டனர். பிரபுவின் மனைவியார் மறுக்காது எடுத்துக் கொடுக்கச் செய்தார். பின்னர் ஜோன்ஸ் அப்பாத்திரங்களைத் தம் கைப்பொருள் கொடுத்து மாலுமிகளிடமிருந்து வாங்கி உரியவருக்கே திருப்பி அனுப்பினார். அப்போது தாமஸுக்கு வயது ஏழு நிரம்பவில்லை.

எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றார். பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியராக விளங்கிய வால்ட்டர் ஸ்காட் அவருடைய இளமைக்கால நண்பருள் ஒருவர். தத்துவ ஆசிரியர் டூகல்ட் ஸ்டூவர்ட்டின் பாடங்கள் அக்கால மாணவர் உள்ளத்தில் பொதுநலச் சிந்தனையை விதைத்தன. கல்வி முடிந்தபின் புரட்சிக்கால பிரான்சையும் சென்று கண்டார். ஆயினும் அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றியது பாரிசு நகரமன்று. தம் நாட்டின் வடபால் அவர் 1792ஆம் ஆண்டு மேற்கொண்ட பயணமேயாகும்.

ஸ்காட்லாந்தின் வடபகுதி ஹைலண்ட்ஸ் எனப்படும் மலைநாடு. நம் இலக்கண நூலார் அதனைக் கண்டிருப்பின் குறிஞ்சியும் முல்லையும் மயங்கிய நிலம் எனக் கூறியிருப்பர். அங்கு வாழ்ந்தோர் கேலிக் என்னும் தொன்மொழி பேசுவோர். ஒவ்வொரு குலத்திற்கும் ஒரு தலைவன் உண்டு. அவன் அழைத்தபோது வாளேந்தி வந்து நிற்றல் குடிகளின் கடன். குடிகளைத் தன் மக்களெனக் காத்தல் தலைவனின் கடன். 1746ஆம் ஆண்டு கல்லோடன் என்னுமிடத்தில் மலைநாட்டவர் படை அரசப் படையிடம் தோற்றபின் இவ்வுறவு தளர்ந்தது. தலைவர்கள் வெறும் நிலக்கிழார்கள் ஆயினர். அவர்களுக்கு வாள்வீரர் வேண்டுவதில்லை, வருவாயே வேண்டும். ஆட்டு மயிருக்கோ விலை ஏறியவண்ணம் இருந்தது. ஒரு பள்ளத்தாக்கில் பல குடும்பங்கள் சேர்ந்து செலுத்திய வாரத்தினும் ஓர் ஆட்டுப் பண்ணையாளன் தனியொருவனாகக் கொடுக்க முன்வந்த குத்தகை மிகுதியாயிற்று. எனவே குடிகள் வெளியேற்றப்பட்டனர். மூதாதையர் எலும்பு கிடக்கும் மண்ணில் செம்மறியாடுகள் மேய்ந்தன. தாமஸ் பயணஞ்செய்த அதே 1792ஆம் ஆண்டில் ராஸ் பகுதி உழவர்கள் ஒன்றுகூடி ஆட்டு மந்தைகளை ஓட்டிச் சென்று வெளியேற்ற முனைந்தனர். அரசினர் படையை அனுப்பி அவர்களை அடக்கினர்.

தாமஸ் மலைநாட்டவர் அல்லர். அம்மக்களின் மொழியை ஓரளவு முயன்று கற்றவர். அவர் கண்ட காட்சி அவரை விட்டு அகலவில்லை. ஆயினும் கையில் பொருளில்லாத இளைய மகன் யாது செய்ய இயலும்? ஊழின் செயலோ வேறு யாதோ, அண்ணன்மார் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். 1797ஆம் ஆண்டில் எஞ்சிய அண்ணனும் மறைந்தார். 1799ஆம் ஆண்டில் தந்தையார் இறக்கவே, ஏழாம் மகன் ஐந்தாம் செல்கர்க் பிரபு ஆனார். பரந்த நிலமும் பெருஞ்செல்வமும் இருபத்தெட்டாம் வயதில் அவர் கைக்கு வந்தன.

அவர் கொண்ட கருத்து எளியது. மலைநாட்டில் ஆட்டுப் பண்ணைகள் பெருகுவதை இனித் தடுத்தல் அரிது. நிலம் இழந்தவன் நெசவாலையில் கூலியாகத் தேய்வான். அன்றேல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்று தன் மொழியும் உறவும் இழந்து சிதறுவான். அவனுக்கு ஈடாகத் தரத்தக்கது பணமன்று, நிலமே. கடல் கடந்தேனும் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட கனடாவில் அவனுக்கு நிலம் அளித்து, உற்றார் உறவினரோடு ஓரிடத்தில் குடியமர்த்த வேண்டும். இதுவே அவர் முடிவு.

மலைநாட்டு நிலக்கிழார் பலர் இதனை எதிர்த்தனர். கடற்கரையில் பாசியை வாரி எரித்துச் சாம்பலாக்கி விற்றல் அக்காலத்தில் அவர்களுக்குப் பெரும் வருவாய் தந்தது. அவ்வேலைக்குக் கூலியாட்கள் வேண்டியிருந்தனர். உள்நாட்டுப் பள்ளத்தாக்கிலிருந்து குடிகளைத் துரத்தியவர்களே, அக்குடிகள் நாட்டைவிட்டுப் போதல் கூடாது என வாதிட்டது வியப்பாகத் தோன்றலாம். 1803ஆம் ஆண்டில் கப்பற் பயணிகளின் நலத்தைக் காப்பதாகக் கூறி ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதனால் கப்பற் கட்டணம் உயர்ந்து, ஏழைகள் புறப்படுவது அரிதாயிற்று.

செல்கர்க் பிரபு காலந்தாழ்த்தவில்லை. அவ்வாண்டே ஏறக்குறைய 800 மலைநாட்டவரை மூன்று கப்பல்களில் ஏற்றிக் கனடாவின் கீழ்க்கரையிலுள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவிற்கு அனுப்பினார். தாமும் உடன் சென்றார். அவர்களுள் மிகப் பலர் ஸ்கை என்னும் தீவினர். ஆகஸ்டு திங்களில் கரையிறங்கியபோது அங்கே வீடும் இல்லை, வழியும் இல்லை. கடலோரம் வரை காடு நெருங்கி நின்றது. குடியேறியோர் கம்புகளை நட்டு, மரக்கிளைகளால் வேய்ந்து குடில்கள் அமைத்தனர். இரவில் ஒவ்வொரு குடிலின் முன்னும் தீ எரிந்தது. மூட்டை முடிச்சுகள் நாற்புறமும் குவிந்து கிடந்தன. பிரபு அவர்களிடையே தங்கி, உறவினர் அடுத்தடுத்து வாழுமாறு நிலத்தைப் பங்கிட்டார். நிலத்தை இலவசமாக வழங்காது, சிறுவிலைக்குத் தவணைமுறையில் கொடுத்தார். விலை கொடுத்து வாங்கிய நிலத்தையே உழவன் தன்னுடையதென மதித்து உழைப்பான் என்பது அவர் எண்ணம். ஓராண்டு கழித்து அவர் மீண்டும் வந்து நோக்கியபோது காடு வெட்டிய நிலத்தில் பயிர் விளைந்திருந்தது. பெல்பாஸ்ட் என்னும் பெயருடன் அக்குடியிருப்பு இன்றும் அங்கு நிலைத்துள்ளது. அவர் முயற்சிகளுள் பழுதின்றி முடிந்தது இதுவே எனலாம்.

அடுத்த ஆண்டில் செயிண்ட் கிளேர் ஏரிக்கரையில் பால்டூன் என்ற பெயருடன் அவர் நிறுவிய குடியிருப்பு அவ்வாறு அமையவில்லை. சதுப்பு நிலம் அது. சென்றவர் நூறு பேரளவினர். முறைக்காய்ச்சல் கண்டு பலர் மாண்டனர். தொலைவிலிருந்து படத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுத்தல் எத்துணைத் தீங்கானது என்பதை அது காட்டியது. இப்பாடத்தை அவர் முழுதும் கற்றுக்கொண்டாரா என்பது ஐயமே.

தாயகம் மீண்டு 1805ஆம் ஆண்டில் மலைநாட்டு நிலைமையையும் குடியேற்றத்தின் காரணங்களையும் ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் அறிஞரிடையே அவருக்கு மதிப்பைத் தேடித்தந்தது. 1806ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் பிரதிநிதிகளுள் ஒருவராகப் பிரபுக்கள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நெப்போலியன் படையெடுப்பானோ என்று நாடு அஞ்சிய காலம் அது. இளைஞர் அனைவர்க்கும் படைப்பயிற்சி அளித்தல் வேண்டும் என்று சபையில் பேசினார்; அது குறித்தும் ஒரு நூல் எழுதினார். 1808ஆம் ஆண்டில் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். இவையெல்லாம் ஒரு பிரபுவின் வாழ்வில் வழக்கமாக அமைவன. அரசியலில் அவர் உயர்பதவியை நாடியிருப்பின் எய்தியிருத்தலும் கூடும். ஆனால் அவர் நினைவு அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலேயே இருந்தது.

வட அமெரிக்காவின் நடுவே, கடற்கரையிலிருந்து நெடுந்தொலைவில், புல் பரந்த சமவெளியில் ரெட் ரிவர் என்னும் ஆறு ஓடுகின்றது. பெயருக்கேற்பச் செந்நீர் கலங்கி வருதலின் அதனைச் செவ்வாறு எனலாம். நாடாய்வாளர் அலெக்சாந்தர் மெக்கன்சி 1801ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலிருந்து அவ்வாற்றங்கரையின் வளத்தைச் செல்கர்க் அறிந்திருந்தார். 1802ஆம் ஆண்டிலேயே அங்கு அயர்லாந்து ஏழைகளைக் குடியமர்த்த அரசின் உதவியை வேண்டினார், அரசு மறுத்துவிட்டது. அந்நிலம் ஹட்சன் விரிகுடாக் கம்பெனிக்கு உரியதாகக் கருதப்பட்டதும் ஒரு காரணம். 1670ஆம் ஆண்டில் இரண்டாம் சார்லஸ் மன்னர், ஹட்சன் விரிகுடாவில் கலக்கும் ஆறுகள் பாயும் நாடு முழுவதையும் ஒரு சாசனத்தால் அக்கம்பெனிக்கு வழங்கியிருந்தார். மன்னர் அந்நாட்டைக் கண்டதும் இல்லை. அங்கு வாழ்ந்த மக்களைக் கேட்டதும் இல்லை.

1807ஆம் ஆண்டில் செல்கர்க் ஜீன் வெடர்பர்ன் என்னும் மங்கையை மணந்தார். அவ்வம்மையாரின் தமையனார் ஆண்ட்ரூ. மைத்துனர் இருவரும் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் பங்குகளை வாங்கத் தொடங்கினர். மென்மயிர்த் தோல் வாணிகம் அப்போது நலிந்திருந்தமையால் பங்குகளின் விலை தாழ்ந்திருந்தது. 1811ஆம் ஆண்டில் கம்பெனியார் செவ்வாற்றுப் பகுதியில் 116,000 சதுரமைல் நிலத்தைப் பத்து ஷில்லிங் பெயரளவு விலைக்குச் செல்கர்க்குக்கு அளித்தனர். அது ஸ்காட்லாந்து நாட்டைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிது. ஆண்டுதோறும் கம்பெனியின் பணிக்கு ஆட்களைத் திரட்டித் தருவதும், குடும்பங்களைக் கொணர்ந்து அமர்த்துவதும் அவர் ஏற்ற கடமைகள். எந்த மெக்கன்சியின் நூல் இவ்வார்வத்தை எழுப்பியதோ, அந்த மெக்கன்சியே கம்பெனிக் கூட்டத்தில் இதனை எதிர்த்தவருள் ஒருவர்.

எதிர்ப்புக்குத் தக்க காரணம் இருந்தது. மாண்ட்ரியால் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட வடமேற்குக் கம்பெனி என்னும் மற்றொரு நிறுவனம், தோல் வாணிகத்தில் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியுடன் கடும்போட்டி நடத்திவந்தது. அதன் ஓடக்காரர்கள் ஏரிகளையும் ஆறுகளையும் கடந்து ஆயிரக்கணக்கான மைல் செல்வர். வழியில் சமைத்துண்ண அவர்களுக்கு நேரமில்லை. பெம்மிக்கன் என்னும் கட்டுணவே அவர்களுக்கு உயிர். காட்டெருதின் இறைச்சியை உலர்த்தி, இடித்து, உருக்கிய கொழுப்பொடு பிசைந்து, தோற்பையில் அடைத்துவைப்பது பெம்மிக்கன். நம் நாட்டு உப்புக்கண்டத்திற்கு ஒருவகையில் உறவெனலாம். ஆனால் உப்பின்றியே ஆண்டுக்கணக்கில் கெடாதிருக்கும். அவ்வுணவு செவ்வாற்றுச் சமவெளியிலிருந்தே பெரும்பாலும் கிடைத்தது. அதனைச் செய்து விற்றவர் மேட்டி என்னும் மக்கள். தோல் வாணிகம் செய்யவந்த பிரெஞ்சுக்காரரும் ஸ்காட்லாந்தியரும் அந்நாட்டுப் பழங்குடிப் பெண்டிரை மணந்து வாழ்ந்ததன் வழிவந்தோர் அவர்கள். குதிரையேற்றத்திலும் காட்டெருது வேட்டையிலும் வல்லவர். மேட்டியரும், சோட்டோ, கிரீ முதலிய பழங்குடியினரும் வாழ்ந்த நாட்டில், ஒரு கம்பெனியின் உணவுக் களஞ்சியத்தின் நடுவே, மற்றொரு கம்பெனியின் சாசனத்தைக் கைக்கொண்டு ஒரு குடியிருப்பு எழவிருந்தது. செல்கர்க் தோல் வாணிகத்தைக் கெடுக்கக் கருதவில்லை. ஆனால் பிறர் அவ்வாறே கருதுவர் என்பதை அவர் எண்ணிப்பார்த்திருத்தல் வேண்டும்.

முதற்கூட்டம் 1811ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் ஸ்டோர்னவே துறைமுகத்திலிருந்து மைல்ஸ் மக்டானல் என்பவர் தலைமையில் புறப்பட்டது. இரண்டு திங்கள் கழித்து ஹட்சன் விரிகுடாவை அடைந்தபோது குளிர்காலம் நெருங்கிவிட்டது. ஆறுகள் உறைந்தமையால் கடற்கரைக் காட்டிலேயே குளிர்காலத்தைக் கழித்து, அடுத்த ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் செவ்வாறும் அசினிபாயின் ஆறும் கூடுமிடத்தை அடைந்தனர். கைவசம் உணவில்லை. மேட்டியரும் பெகுவிஸ் என்னும் சோட்டோத் தலைவரின் மக்களும் வேட்டை இடங்களுக்கு வழிகாட்டி உதவியிராவிடின் அவர்கள் முதற் குளிர்காலத்தைக் கடந்திரார்.

1813ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் சதர்லாந்துப் பகுதியில் கில்டோனன் பள்ளத்தாக்கிலிருந்து குடிகள் வெளியேற்றப்பட்டனர். பல நூற்றுவர் செல்கர்க்கை நாடினர். நூறு பேரளவிலேயே அவ்வாண்டு கப்பலேற்ற முடிந்தது. கப்பலில் டைபஸ் என்னும் கொள்ளைக் காய்ச்சல் பரவிச் சிலர் உயிரிழந்தனர். செல்லவேண்டிய துறைக்குச் செல்லாது கப்பல்தலைவன் அவர்களை வடக்கே சர்ச்சில் என்னும் துறையில் இறக்கிவிட்டான். அங்கே குளிர்காலம் முழுதும் மரக்குடில்களில் கிடந்தனர். 1814ஆம் ஆண்டு ஏப்ரலில் உடல் வலியுள்ள இளைஞரும் மகளிருமாக ஏறக்குறைய ஐம்பதின்மர், பனிமிதியடி கட்டி, வரிசையாக, நூற்றைம்பது மைல் பனிவெளியை நடந்தே கடந்தனர். சோர்ந்தவரை ஊக்கும்பொருட்டு வரிசையின் நடுவே ஒருவர் தம் நாட்டுப் பைக்குழலை ஊதிச் சென்றார். கோடையில் செவ்வாற்றை அடைந்தவுடன் அவர்கள் கேட்ட முதற்பொருள் நிலமே. கிடைத்தது; கலப்பை இல்லாமையால் மண்வெட்டியால் கொத்தி விதைத்தனர்.

இதற்கிடையே மக்டானல் ஒரு பெரும்பிழை செய்தார். குடியிருப்பில் உணவு குறைவு என்று, 1814ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள், பெம்மிக்கனை அப்பகுதியிலிருந்து வெளியே கொண்டுசெல்லலாகாது எனத் தடைவிதித்தார். பின்னர்க் குதிரைமீதேறிக் காட்டெருதை வேட்டையாடுவதையும் தடுத்தார். பிறந்த மண்ணில் வேட்டையாடி உண்ட மக்களுக்கு நேற்று வந்தவர் ஆணை பிறப்பித்தல் பொறுக்கத்தக்கதாயில்லை. வடமேற்குக் கம்பெனியார் அச்சினத்தைத் தமக்குப் பயன்படுத்திக்கொண்டனர். 1815ஆம் ஆண்டில் குடியேறியோருள் ஏறக்குறைய 140 பேரை நல்ல நிலம் தருவதாகக் கூறித் தம் ஓடங்களில் ஏற்றி மேல் கனடாவிற்கு அழைத்துச் சென்றனர். எஞ்சியவர் விரட்டப்பட்டனர், வீடுகள் கொளுத்தப்பட்டன. மலைநாட்டில் ஒருமுறை வெளியேற்றப்பட்டவர் ஈண்டு மறுமுறையும் வெளியேறினர். சில திங்களில் அவர்கள் திரும்பிவந்து, மிதிபட்டும் எஞ்சியிருந்த பயிரை அறுத்தனர்.

1816ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் நேர்ந்தது பெருங்கொடுமை. செவன் ஓக்ஸ் என்னுமிடத்தில் கத்பர்ட் கிராண்ட் என்னும் இளைஞர் தலைமையில் பெம்மிக்கன் கொண்டுசென்ற மேட்டியரும், குடியிருப்பின் ஆளுநர் ராபர்ட் செம்பிலுடன் வந்த சிறு கூட்டமும் எதிர்ப்பட்டனர். சொல் தடித்தது; துப்பாக்கி வெடித்தது. சிறிதுநேரத்தில் செம்பிலும் அவருடன் வந்தோர் இருபதின்மரும் மாண்டனர். மேட்டியர் தரப்பில் இறந்தவர் ஒருவரே. குடியிருப்பு மீண்டும் வெறிச்சோடியது.

செல்கர்க் அப்போது செவ்வாற்றை நோக்கி வந்துகொண்டிருந்தார். முந்திய ஆண்டே மனைவி மக்களுடன் மாண்ட்ரியாலை அடைந்து, அரசு காவற்படை தராமையால் தாமே ஆட்களைத் திரட்டியிருந்தார். அவர்கள் டி மியூரான் என்னும் சுவிட்சர்லாந்துப் படைப்பிரிவிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர். அப்படைப்பிரிவின் வரலாறு நம் நாட்டையும் தொட்டுச் செல்வது. தொடக்கத்தில் டச்சுக்காரர்க்காக இலங்கையில் இருந்து, பின் ஆங்கிலேயரிடம் சேர்ந்து, 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டணப் போரிலும் அது பங்குகொண்டது. வழியில் செவன் ஓக்ஸ் செய்தி எட்டியதும் செல்கர்க் சினங்கொண்டார். நேரே குடியிருப்பிற்குச் செல்லாமல், சுப்பீரியர் ஏரிக்கரையில் வடமேற்குக் கம்பெனியின் தலைமைக் கோட்டையாயிருந்த போர்ட் வில்லியத்தை ஆகஸ்டு திங்களில் கைப்பற்றினார். அங்கிருந்த பங்காளிகளைச் சிறைப்படுத்திக் கிழக்கே அனுப்பினார். அவருள் சிலர் சென்ற ஓடம் ஏரியில் கவிழ்ந்து ஒன்பதின்மர் மூழ்கினர். கோட்டையிலிருந்த பண்டங்களையும் தமதாக்கிக்கொண்டார். தம்மைப் பிடிக்க வந்த ஆணைக்கும் அவர் பணியவில்லை. நீதிபதியின் அதிகாரம் தமக்கு அரசால் அளிக்கப்பட்டிருந்தது என்பது அவர் வாதம். தம் வழக்கில் தாமே நீதிபதியாதல் எந்நாட்டு முறையும் அன்று. செயிண்ட் மேரித் தீவில் ஆயுதத்துடன் புகுந்தவர் எடுத்த வெள்ளியைத் திருப்பி அனுப்பினார். போர்ட் வில்லியத்தில் புகுந்தவரோ அங்கேயே குளிர்காலத்தைக் கழித்தார்.

1817ஆம் ஆண்டு ஜூன் திங்களில் செல்கர்க் தம் வாழ்வில் முதன்முறையாக, அதுவே இறுதிமுறையுமாக, செவ்வாற்றங்கரையை அடைந்தார். சிதறியோர் திரும்பினர். அல்லலுற்றோர் இருபத்துநால்வர்க்கு விலையின்றி நிலம் வழங்கினார். கோயிலுக்கும் பள்ளிக்கும் இடம் ஒதுக்கினார். சாலைகளுக்கு வழி குறித்தார். பிறந்த பள்ளத்தாக்கின் பெயரையே குடிகள் தம் புது ஊருக்குப் பெற்றனர். அது கில்டோனன் ஆயிற்று. அவர் புரோட்டஸ்டண்டு சமயத்தவர். எனினும் அங்கிருந்த கத்தோலிக்கர்க்குக் குருமார் வேண்டுமென்று கியூபெக் ஆயரைக் கேட்டு, அவர்கள் மடத்திற்கும் நிலம் அளித்தார்.

அக்கோடையில் அவர் செய்த மற்றொரு செயல் இவையனைத்தினும் எண்ணத்தக்கது. மன்னர் சாசனமும் கம்பெனிப் பத்திரமும் கையிலிருந்தும், அந்நிலம் அங்கு வாழ்வோருடையது என்பதை அவர் இப்போது நேரில் கண்டார். ஜூலை 18ஆம் நாள் பெகுவிஸ் உள்ளிட்ட சோட்டோ, கிரீத் தலைவர் ஐவருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். செவ்வாற்றின் இருகரையிலும் அசினிபாயின் ஆற்றின் இருகரையிலும் இரண்டு மைல் அகலமுள்ள நிலம் குடிகளுக்கு. கோட்டைகளைச் சூழ்ந்து ஆறு மைல். சமவெளியில் நிற்கும் குதிரையின் வயிற்றின்கீழ் நோக்கின் எத்தொலைவு புலப்படுமோ அத்தொலைவு என எல்லையைத் தலைவர்க்கு விளக்கியதாகச் செவிவழிச் செய்தி உண்டு. ஈடாக ஆண்டுதோறும் இரு குலத்தார்க்கும் தனித்தனியே நூறு இராத்தல் புகையிலை கொடுப்பதாக ஏற்றுக்கொண்டார். தலைவர்கள் தத்தம் குலக்குறியான விலங்குருவங்களை வரைந்து ஒப்பமிட்டனர். மேற்குக் கனடாவில் பழங்குடியினருடன் செய்யப்பட்ட முதல் நில உடன்படிக்கை அது. 116,000 சதுரமைல் தமது என்று வந்தவர், இரண்டு மைல் நிலத்தைக் கேட்டுப் பெற்றார். ஆயினும் மேட்டியரை அவ்வுடன்படிக்கையில் எவரும் சேர்க்கவில்லை. அக்குறை பின்னாளில் பெரும் பூசலாக முளைத்தது. பெகுவிஸும் தம் முதுமையில், நிலம் முறைப்படி விற்கப்படவில்லை என்றும் பேசியபடி ஈடு கிடைக்கவில்லை என்றும் முறையிட்டார். குடியேறியோரை இறுதிவரை நண்பராகவே நடத்தியவர் அவர். ஆகவே அம்முறையீட்டைப் பகையுரை எனத் தள்ளிவிடல் இயலாது.

செல்கர்க் செவ்வாற்றைவிட்டு அவ்வாண்டே புறப்பட்டார். மேல் கனடாவில் வழக்குகள் அவருக்காகக் காத்திருந்தன. போர்ட் வில்லியத்தில் முறையின்றிச் சிறைப்படுத்தியமைக்கும் ஆணையை மீறியமைக்கும் அவருக்கு இரண்டாயிரம் பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்குகளோ கைகூடவில்லை. செவன் ஓக்ஸ் கொலைகளுக்கு எவரும் தண்டனை பெறவில்லை. 1818ஆம் ஆண்டின் இறுதியில் தாயகம் திரும்பியபோது அவர் நெஞ்சக நோய் முற்றியிருந்தது. கடனோ மலைபோல் வளர்ந்திருந்தது. வெப்பமான காற்றை நாடி மனைவியுடன் தென் பிரான்சிற்குச் சென்றார். 1820ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் பௌ என்னும் நகரில் உயிர்நீத்தார். அப்போது வயது நாற்பத்தெட்டு. அயலிலுள்ள ஆர்த்தேஸ் என்னும் ஊரில், புரோட்டஸ்டண்டு கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கஞ்செய்தனர்.

மறு ஆண்டில் இரண்டு கம்பெனிகளும் பூசல் ஒழிந்து ஒன்றாயின. செவ்வாற்றுக் குடியிருப்பு வளர்ந்து, 1870ஆம் ஆண்டில் மானிட்டோபா மாகாணத்தின் கருவாகவும், பின் வின்னிப்பெக் மாநகரமாகவும் ஆயிற்று. ஆனால் 1820ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கிருந்தோர்க்கு அத்தகைய நம்பிக்கை யாதும் இல்லை. முந்திய இரண்டு ஆண்டுகளும் வெட்டுக்கிளிகள் வந்து விளைந்த கதிரை அழித்திருந்தன. விதைக்கவும் கோதுமை இல்லை. குளிர்காலத்தின் நடுவில் சிலர் பனிமிதியடி கட்டித் தெற்கே மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள பிரெய்ரி டு ஷீன் என்னும் ஊருக்கு நடந்து சென்றனர். செல்கர்க் பிரபுவின் கணக்கில் 250 புஷல் விதைக் கோதுமை வாங்கி, பனி உருகியபின் ஆறுகளின் வழியே தட்டையோடங்களில் ஏற்றிவந்தனர். ஜூன் தொடக்கத்தில் அவ்வோடங்கள் செவ்வாற்றுக் குடியிருப்பை அடைந்தபோது, அவர் இறந்து ஏறக்குறைய இரண்டு திங்கள் ஆகியிருந்தன. பருவம் சற்றுக் கடந்திருந்தும் குடிகள் அவ்விதையை நிலத்திற்கு எடுத்துச் சென்றனர்.